சம்மனசு போட்ட புத்தகம்

செவ்வாய்க்கிழமை.

புத்தக அட்டையில் படமாக இருந்த சம்மனசின், அந்தத் தேவதையின், இறக்கையை ரீனா விரலால் தடவிக்கொண்டே இருந்தாள். அதைத்தான் முதலில் கவனித்தேன்.

வீசிங் தொல்லையால் தங்கச்சி ரீனாவுக்கு இந்த வருஷம் எல்கேஜி வீட்டில்தான். சொல்லித்தரப்போவது நான். மாதா கோயில் சிஸ்டர் இரண்டு கட்டுப் புத்தகங்களை அம்மா, ரீனா, நான் மூவர் முன்னாலும் வைத்தார். ஒன்று தமிழ். சம்மனசு போட்டது இங்கிலீஷ். எப்படி நடத்துவது என்ற குறிப்பும் இங்கிலீஷில்தான் இருந்தது.

“படிச்சுப் பாரும்மா, உன்னால நடத்த முடியுமா?” என்று சிஸ்டர் என்னைக் கேட்டார்.

முதல் வரியே எனக்குப் புரியவில்லை. அதைச் சொல்ல வாய் வரவில்லை.

“இது வேணாம் சிஸ்டர். இவளுக்குப் புடிக்கல” என்றேன். ரீனா கையிலிருந்து நானே வாங்கித் திருப்பிக் கொடுத்தேன்.

வீடு திரும்பும்போது எண்ணூர் பஸ்ஸில் ரீனா அழ ஆரம்பித்தாள். “எனக்குப் புடிச்சிருந்துச்சும்மா. அக்கா பொய் சொல்லுது.”

“ஏழாவது வரிக்கும் படிச்ச பொண்ணு பொய் சொல்லுமாடி? உனுக்கு இன்னா தெரியும்?” என்று அம்மா அவள் தொடையில் கிள்ளினாள்.

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

ரீனா சாப்பிடாமலே தூங்கிவிட்டாள். மூச்சு இழுக்கிறது. கிள்ளின இடம் இன்னும் சிவந்திருக்கிறது. அவள் முழித்துக்கொள்ளாமல் அதில் தேங்காய் எண்ணெய் தடவினேன்.