கன்றுகளை அடைத்த இடம்

2024 பிப்ரவரி 11, ஞாயிறு, காலை 10.20. டவுன்ஸ்வில் மருத்துவமனை. பசுக்கள் 146. அம்மாவுக்கு உடைந்த விலா எலும்புகள் 6.

இமோஜென் கண்ணு, ஹோபார்ட்டில் நீ சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். அம்மா பிழைத்துவிட்டாள், அதை முதலில் படித்துக்கொள். மண்ணீரலை எடுத்துவிட்டார்கள், விடிகாலையில் கண் விழித்துத் தண்ணீர் கேட்டாள். காதில் 214-ம் நம்பர் போட்ட பசுவுக்கு வெறி பிடித்துவிட்டது என்று நேற்று போனில் சொன்னேனே, அது பொய். அதைச் சுட்டுத் தள்ளுங்கப்பா என்று நீ கத்தினாய், நான் சரி என்று போனை வைத்துவிட்டேன், அதனால் எழுதுகிறேன்.

வறட்சியில் இளைத்த பசுக்கள் கன்று போட்டு எழுபது நாளாகியும் பருவத்துக்கு வரவில்லை. அவற்றின் கருப்பாதையில் எட்டு நாள் வைத்திருந்த ஹார்மோன் கருவிகளை வெள்ளிக்கிழமை மாலை உருவி, ஊசி போட்டு, கன்றுகளைப் பிரித்தேன். நாற்பத்தெட்டு மணி நேரம் மடியில் வாய் படாவிட்டால் மருந்து நன்றாகப் பிடிக்கும். லாரியில் ஏற்றித் தூரமாக் கொண்டுபோ, குரல் கேட்டா பட்டி தாங்காது என்று அம்மா சொன்னாள். எனக்குப் பொறுமை இல்லை. சினை ஊசிப் பயிற்சியில் கொடுத்த குறிப்பில் மணிக்கணக்குதான் இருக்கிறது, தூரம் இல்லை என்று அவள் வாயை அடைத்துவிட்டுப் பக்கத்துப் பட்டியிலேயே அடைத்தேன். சனி காலை 6.40-க்கு கன்றுகளின் குரல் கேட்டு மொத்த மந்தையும் நடுவிலிருந்த கேட்டில் மோதியது. சங்கிலி அறுந்து கேட், அருகில் நின்ற அம்மாவைத் தூணோடு நசுக்கியது, விழுந்தவளை 214 மண்டையால் தரையில் அழுத்தித் தேய்த்தது, எலும்பு முறிகிற சத்தம் எனக்கே கேட்டது. நான் துப்பாக்கிக்கு ஓடினேன். நம் மாட்டுக்காரர் மெர்வ்தான் சாட்டையை வீசிக்கொண்டே, யோவ் பாஸ், சுடறது அப்புறம், மொதல்ல கன்னுக்குட்டிங்களத் தொறந்து விடுய்யா என்று கத்தினார். திறந்தேன். அந்தப் பசு அம்மாவை விட்டுவிட்டுப் போய், நெற்றியில் அவள் ரத்தத்தோடு நின்று தன் கன்றுக்குப் பால் கொடுத்தது.

விடிகாலையில் தண்ணீர் குடித்ததும் அம்மா, அதைச் சுட்டுட்டியா என்று கேட்டாள். இன்னும் இல்லை என்றேன். சுட்டேன்னா என் மூஞ்சியிலயே முழிக்காத, அது புள்ளையத் தேடி வந்துச்சு, நடுவுல கேட்டப் போட்டவன் நீ என்றாள். பேசினால் தையல் இழுக்கிறது, ஆனாலும் திட்டுவதை நிறுத்தவில்லை.

நேரத்துக்குச் சாப்பிடு. அழுதுகொண்டே கார் ஓட்டாதே. உனக்கு ஒரு குறையும் வராமல் இருக்கட்டும். இனி நான் செய்யப்போவது:

1. 214-ஐத் தொடக்கூடாது என்று மெர்வ்விடம் இப்போதே சொல்வேன்.
2. கன்றுகள் தாயோடுதான். இன்று மாலை போட வேண்டிய சினை ஊசி இல்லை, காளைகளை விடுவோம். பாதிப் பசு சினை பிடிக்காது. போகட்டும்.
3. மாட்டின் மேல் பழி போட்டு யார் யாரிடம் சொன்னேனோ, அத்தனை பேருக்கும் உண்மையைச் சொல்வேன். உனக்குச் சொல்லியாயிற்று. அடுத்தது உன் மாமா. தங்கைக்காக அடிக்க வருவான், வாங்கிக்கொள்வேன்.

உன் அப்பா,
லாக்லன்