அடுக்களைக் கோப்பு பழைய இடத்திலேயே இருக்க

மழை பொய்யாத குறிஞ்சிமேட்டு நாட்டை ஆளும் திருவுடை வெண்ணிநாச்சியார், வாயில் வந்ததை வந்தபடியே எழுதச் சொல்லி விடுத்த ஓலை. நாட்டின் சேவையகத்தைக் காக்கும் இளவெயினனார் கண்டு தெளிக. அவர் மனையும் மக்களும் நலமே வாழ்க. அவர் கூடத்தில் மின்சாரம் தடைபடாது நிலைக்க.

இளவெயினனார் புதுச் சேவையகம் நிறுவி, ஒரே கோப்புறையில் குப்பைபோல் கிடந்த அனைத்தையும் பிரித்து வைத்ததை நாச்சியார் மெச்சினார். ஊரார் பார்க்கும் அறிவிப்புகள் பொதுக் கோப்புறையில், வரிக்கணக்கு எவர் கண்ணிலும் படாதபடி அதற்கு வெளியே, வந்துபோவோர் பதிவு தனியே. எல்லாம் சரி. அரண்மனையில் அன்றன்று என்ன சமையல் என்று சொல்லும் கோப்பையும் பூட்டிய உள்கோப்புறைக்கு மாற்றியதுதான் வினையாயிற்று.

மாற்றும்போது இளவெயினனார், "நம்ம அடுப்புல என்ன கொதிக்குதுன்னு யாரும்மா பார்க்கப் போறாங்க?" என்று சிரித்தார். நாச்சியாரும் கூடவே சிரித்தார். அத்தனை பெரிய உணவுக்கூடத்தில் ஓர் இலை மட்டும் விரிக்கும் வீட்டின் சமையல் யாருக்கு வேண்டும்?

பிறகு நாச்சியார் வந்துபோவோர் பதிவைப் பார்த்தார். அலைவாய்த்தீவிலிருந்து ஒருவர் நாள்தோறும் வந்து, வேறெதையும் தொடாமல், அந்தச் சமையல் கோப்பை மட்டும் திறந்து பார்த்துப் போயிருக்கிறார். கோப்பு இடம்மாறிய பின்பும் பழைய முகவரிக்கே வந்து, அப்படி ஒன்று இங்கில்லை என்ற விடையைப் பெற்று, மறுபடி மறுபடி தட்டியிருக்கிறார். அத்தீவில் நம் எழுத்தைப் படிக்கத் தெரிந்தவள் ஒருத்திதான்: நாச்சியாரின் தங்கை பொன்னரி. தந்தையார் மறைந்தபோது அக்காவோடு சொல்லுக்குச் சொல் சண்டை வளர்ந்து கப்பலேறிப் போனவள். அதன்பின் ஓலையுமில்லை, தூதுமில்லை.

"பார்க்குறாளே ஐயா ஒருத்தி! அக்கா சாப்பிட்டாளா இல்லையான்னு தினம் எட்டிப் பார்த்திருக்கா. நான் கதவைச் சாத்திட்டேன்னு இப்ப நெனச்சிருப்பாளே, பாவி மக!" என்று நாச்சியார் பதறியதை அவையே கேட்டது.

தூது அனுப்பலாம் என்றார் அமைச்சர்.

"வேணாம். கூப்பிட்டா வீம்பு பிடிப்பா. அவளா வர்ற வழி அது ஒண்ணுதான்."

ஆகவே கட்டளை: மற்றவை வைத்த இடத்திலேயே இருக்க. அடுக்களைக் கோப்பு மட்டும் இவ்வோலை கண்ட கணமே பழைய கோப்புறைக்கு, பழைய பெயரிலேயே, ஓரெழுத்தும் மாறாமல் திரும்புக. நாளைய சமையலாக இதை ஏற்றுக: பூசணி மோர்க்குழம்பு, சுட்ட அப்பளம், முந்திரி போடாத கருப்பட்டிப் பாயசம், அவளுக்கு முந்திரி ஆகாது. இலை இரண்டு.

அரக்கு காயுமுன் நாச்சியார் தம் கைம்மோதிரம் பதித்தது.