ஒரு பொன்னாடையும் ஒரு போட்டோவும்

அல் கூஸ்,
6.9.2002, வெள்ளி

அன்பு மாப்ளே அம்மையப்பா,

இங்கு நலம். நீயும் ஜுபைல் கேம்ப்பில் உள்ள நம் ஆட்களும் நலமாக இருக்க வேண்டும். மூன்று கடிதம் போட்டாயிற்று, ஒன்றுக்கும் பதில் இல்லை. சவூதி போனதும் துபாய்க்காரன் கண்ணுக்குத் தெரியவில்லையாக்கும். போனில் பேசலாம் என்றால் கார்டில் பாதி நீ என்னைத் திட்டவே சரியாகிவிடுகிறது. அதனால்தான் எழுதுகிறேன். திட்டுவதானால் தபாலில் திட்டு, எனக்குச் செலவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். நம் முகவை நண்பர்கள் கபடிக் குழு ஆட்டம் கண்டுவிட்டது. சேதுபதி முதலாளி என்னை ஸ்டோரிலிருந்து கூப்பிட்டனுப்பி, இந்த மாதத்திலிருந்து விளையாடுகிறவனுக்குச் சம்பளம் கிடையாது என்று சொல்லிவிட்டார். ஆள் சப்ளை தொழில் படுத்துக் கிடக்கிறதாம். சைட்டில் வெயிலில் நிற்கிறவனுக்கே சம்பளம் இழுக்கும்போது, ஒரு டூட்டியும் பார்க்காமல் வெள்ளிக்கிழமை மட்டும் கபடி பாடப் போகிற ஒன்பது பேருக்கு எங்கே போவது என்கிறார். எத்தனை கோப்பை வாங்கித் தந்திருக்கிறோம், உங்கள் கம்பெனி பெயரை நெஞ்சில் போட்டுக்கொண்டு எங்கெல்லாம் ஆடியிருக்கிறோம் என்று எடுத்துச் சொன்னேன். "கோப்பைய வச்சு மெஸ் பில் கட்ட முடியுமா வைரவா?" என்றார். நான் ஸ்டோருக்குத் திரும்பிவிட்டேன்.

வேண்டுமானால் டூட்டிக்கு வரட்டும், வராதவன் ஊருக்குப் போகட்டும் என்கிறார். நீயும் நானும் முதுகுளத்தூரிலிருந்து மானாமதுரை வரை மைதானம் மைதானமாக அலைந்து பொறுக்கி எடுத்த பிள்ளைகள். விசாவில் ஹெல்பர் என்று இருந்தால் அவர்கள் ஹெல்பரா? நம் ஜெர்சி போட்ட தோளில் சிமெண்ட் மூட்டையைத் தூக்கி வைப்பதா? எனக்கு மனசு ஆறவில்லை.

இந்த நேரம் பார்த்து ஷார்ஜா குழுவை நடத்துகிற மங்களூர் ஹோட்டல்காரர் பிரியாணிப் பொட்டலத்தோடு என் ரூமுக்கு வந்தார். உன் தம்பி அன்பரசனைத் தங்களுக்கு விட்டுவிட வேண்டுமாம், இரட்டைச் சம்பளம் தருகிறாராம். முகத்துக்கு நேரே முடியாது என்று சொல்லிவிட்டேன். அன்பரசன் நம் வீட்டுப் பிள்ளை. அவன் இல்லாமல் நம் ஆட்டத்தை எவன் வந்து பார்ப்பான்? அவனிடம் இதைச் சொல்லவில்லை. அவன் மனசை எதற்குக் கலைக்க வேண்டும்?

ரூம் ரூமாகப் போய் ஆளுக்குப் பத்து திர்ஹாம் சந்தா பிரிக்கிறேன். நீயும் அங்கே பிரித்து அனுப்பு. நீ கேட்டால் தட்டமாட்டார்கள்.

உன் மாப்ளே,
வைரவன்

*

ஜுபைல்,
18.9.2002

மாப்ளே வைரவா,

உன் கடிதத்தை டூட்டி முடிந்து வந்து கால் கழுவாமல் படித்தேன். பிளாண்ட்டை நிறுத்திப் பழுது பார்க்கும் நேரம் இது, காலையில் ஏறினால் இருட்டித்தான் இறங்குகிறோம். பதில் போடாததற்கு அதுதான் காரணம், வேறு தலைக்கனம் ஒன்றும் இல்லை. பிரியாணியைத் தின்றாயா, அதையும் திருப்பி அனுப்பினாயா?

யாரைக் கேட்டு முடியாது என்றாய்? அன்பரசன் உன் வீட்டுப் பிள்ளை என்றால் அவனுக்கு வருகிற இரட்டைச் சம்பளத்தை உன் வீட்டிலிருந்து எடுத்துக் கொடு. அவனுக்கு இருபத்தாறு வயது. பெண் பார்க்கச் சொல்லி வீட்டிலிருந்து எனக்குக் கடிதம் வந்தபடி இருக்கிறது. அவனை உன் கையில் பிடித்துக் கொடுத்துவிட்டு நான் நிம்மதியாக இங்கே வந்தேன். நீ அவனைக் கேட்காமலே அவன் சோற்றில் கை வைத்திருக்கிறாய்.

கோபத்தில் எழுதுகிறேன் என்று நினைக்காதே, கோபம்தான். ராஸ் அல் கைமா ஆட்டத்தில் என் முட்டி போனதே, அப்போது கிளப் எனக்கு என்ன செய்தது? ஒரு பொன்னாடை போர்த்தினாய், ஒரு போட்டோ எடுத்தாய். எல்லோரும் கை தட்டினீர்கள். அடுத்த மாதமே ஜுபைலுக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று நானேதான் ஓடினேன். அந்த முட்டியோடுதான் இப்போது சாரம் ஏறுகிறேன். உன்னைக் குறை சொல்லவில்லை, அன்று உனக்கும் கை காலியாகத்தான் இருந்தது. ஆனால் என் தம்பிக்கும் அதே கதி வேண்டாம்.

அவனை ஷார்ஜாவுக்கு அனுப்பு. நானும் போனில் அவனிடம் சொல்லிவிட்டேன். சந்தாவும் கேட்டுப் பார்க்கிறேன், ஆனால் இங்கே பாதிப் பேருக்கு மூன்று மாதச் சம்பளம் பாக்கி. எப்படி வாய் திறப்பது என்று தெரியவில்லை.

அம்மையப்பன்

*

அல் கூஸ்,
27.9.2002, வெள்ளி

அன்பு மாப்ளே,

பிரியாணியைத் தின்றேன். ஜீரணமாகவில்லை, போதுமா?

நீ எழுதியது சுருக்கென்று தைத்தது. சோற்றில் கை வைத்தேன் என்கிறாய். இந்தப் பிள்ளைகள் சோற்றுக்காகத்தான் நான் மூன்று வருடமாக லீவு போகவில்லை. லீவுச் சம்பளம் வந்ததும் மெஸ்ஸுக்குக் கட்டிவிடுகிறேன். ஊரில் கனகா என்னோடு பேசுவதை நிறுத்தி நாளாகிறது. கபடிக்குத் தாலி கட்டிய ஆள் என்று என் மாமியாரிடம் சொன்னாளாம். இதையெல்லாம் உனக்கு எழுதக்கூடாது என்றிருந்தேன், நீ எழுத வைத்துவிட்டாய்.

முதலாளி கெடு வைத்துவிட்டார். வருகிற அக்டோபர் முடிவுக்குள் கிளப் தன் ஆட்களுக்குத் தானே சம்பளமும் விசாச் செலவும் கட்ட வேண்டும். இல்லாவிட்டால் கேன்சல், டிக்கெட், ஏர்போர்ட். யல்லா, கிளம்பு என்று ஒரே வார்த்தை. சந்தாவில் வந்தது அரிசிக்கே காணாது.

அதனால் உன் பேச்சைக் கேட்டு நானே ஷார்ஜாவுக்குப் போனேன். வெட்கத்தை விட்டு அந்த ஹோட்டல் வாசலில் காத்திருந்து பேசினேன். அவர் பெரிய மனுஷன், முன்பு மறுத்ததை மனசில் வைத்துக்கொள்ளவில்லை. அன்பரசனுக்குச் சொன்ன சம்பளம் அப்படியே. அதோடு அவனை விட்டுக் கொடுப்பதற்காக நம் கிளப்புக்கு ஒரு தொகை தருகிறார். அது வந்தால் மற்ற எட்டுப் பேரையும் மார்ச் வரை வைத்துக் காப்பாற்றிவிடுவேன். அதற்குள் வேறு முதலாளியைப் பிடிக்க வேண்டும். நீ அனுப்பு என்றாய், அனுப்புகிறேன். உன் சம்மதம் ஒரு வரி எழுது, முதலாளியிடம் அவனை விடுவிக்கிற ரிலீஸ் பேப்பர் வாங்கிவிடுகிறேன்.

உன்,
வைரவன்

*

ஜுபைல்,
9.10.2002

திரு. வைரவன் அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது.

என் தம்பி நல்ல சம்பளத்துக்குப் போகட்டும் என்றுதான் எழுதினேன். அவனுக்கு விலை வைத்து அதில் கிளப் நடத்துங்கள் என்று எழுதவில்லை. ஆட்டுச் சந்தையில்தான் இப்படித் துண்டுக்குள் கை விட்டு விலை பேசுவார்கள். பேசியது யார் என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை. வேறு எவனாவது செய்திருந்தால் செருப்பால் அடித்திருப்பேன்.

ஓடுகிற கால் அவனுடையது. பிடிக்குள் மாட்டி உடைகிற எலும்பும் அவனுடையது. ஷார்ஜாக்காரர் தரும் தொகை முழுவதும் அன்பரசன் கையில் வர வேண்டும். ஒரு திர்ஹாம் கிளப்புக்குப் போனாலும் நானே சேதுபதி முதலாளிக்குப் போன் போட்டு ரிலீஸ் தராதீர்கள் என்று சொல்லிவிடுவேன். மற்ற எட்டுப் பேர் மேல் எனக்கும் இரக்கம் உண்டு. அதற்காக என் தம்பியைக் கொடுக்க முடியாது.

இதற்குமேல் நமக்குள் எழுத ஒன்றும் இல்லை.

இப்படிக்கு,
ரா. அம்மையப்பன்

*

அல் கூஸ்,
25.10.2002, வெள்ளி

அன்பு மாப்ளே அம்மையப்பா,

நீ திரு போட்டாலும் நான் மாப்ளே என்றுதான் எழுதுவேன். இதைப் படித்துவிட்டுக் கிழித்துப் போடுவதானாலும் போடு.

போன வெள்ளிக்கிழமை ஷார்ஜாக்காரர் பேப்பரோடு வந்தார். தொகையைத் தம்பி கையில்தான் தர வேண்டுமாம், அவன் அண்ணன் சொல்லிவிட்டான் என்று நானே அவரிடம் சொன்னேன். அவருக்கு எல்லாம் ஒன்றுதான், சரி என்றார். ரூமில் கிளப் ஆட்கள் எல்லோரும் கட்டில் கட்டிலாக உட்கார்ந்திருந்தார்கள். அன்பரசன் ஜெர்சியைப் பிழிந்து கொடியில் போட்டுவிட்டு வந்தான். கையெழுத்துப் போடுடா என்றேன். போடவில்லை.

"அண்ணே, விசாவுல எனக்கு என்ன வேலைன்னு போட்டிருக்கு?" என்று கேட்டான்.

ஹெல்பர் என்றேன்.

"நாலு வருஷமா நான் எதுக்கு ஹெல்பர்? ஒரு ஆணி அடிக்கத் தெரியாது. இன்னும் மூணு வருஷம் பாடுவேன், இங்க இல்லாட்டி ஷார்ஜாவுல. அப்புறம் எனக்கு என்ன தெரியும்னு எவன் வேலை தருவான்? அம்மையப்பன் அண்ணனுக்கு முட்டி போனப்பப் பொன்னாடை போட்டீக. எனக்கும் ஒண்ணு வாங்கி வச்சிருக்கீகளாண்ணே?"

மெதுவாகத்தான் கேட்டான். கோபமே இல்லை. அதுதான் என்னைக் கொன்றுவிட்டது. நீ போகச் சொன்னாய், நான் இருக்கச் சொன்னேன், பிறகு நானே போகச் சொன்னேன். அவனை இரண்டு பேரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை மாப்ளே.

அவன் என்ன செய்திருக்கிறான் தெரியுமா? மைதானத்துக்குப் பக்கத்து வேர்ஹவுஸில் பாகிஸ்தானிலிருந்து வந்த ஒரு பட்டாணி பாய் மூட்டை தூக்குகிற ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓட்டுகிறார். மத்தியானம் இவன் தூங்குகிறான் என்று நான் நினைத்துக்கொண்டிருக்க, தினமும் அங்கே போய் வண்டி பழகியிருக்கிறான். ஷார்ஜாவுக்கும் வரவில்லை, சும்மா சம்பளமும் வேண்டாம், லைசென்ஸ் எடுத்து டூட்டிக்குப் போகிறேன் என்றான். வெள்ளிக்கிழமை நம் குழுவுக்கு ஆடுகிறானாம். அதற்குக் காசு கொடுத்தால் வரமாட்டானாம்.

ஷார்ஜாக்காரர் பேப்பரை மடித்துக்கொண்டு போய்விட்டார். மறுநாள் நானும் அவனுமாக முதலாளியிடம் போனோம். சிரித்தார், இதைத்தானே வைரவா அன்றைக்கே சொன்னேன் என்றார். அவனை எடுத்துக்கொண்டார், லைசென்ஸுக்கு எழுதிக் கொடுத்துவிட்டார். அதைப் பார்த்து இன்னும் நான்கு பேர் டூட்டிக்கு ஒத்துக்கொண்டார்கள். மற்ற நான்கு பேர் மூட்டை தூக்க வரவில்லை என்று சொல்லிவிட்டார்கள், மாதக் கடைசியில் ஊருக்குக் கிளம்புகிறார்கள். பாண்டித்துரையும் போகிறான். அவன் பிடித்தால் காளையே நிற்கும், ஊரில் போய் என்ன செய்வான் என்று தெரியவில்லை. சம்பளம் கொடுத்து நடத்திய நம் கிளப் கலாஸ், முடிந்துவிட்டது. பாத்ரூம் வரிசையில் நின்றபடி அழுதேன். கண்ணில் சோப்பு என்று சொல்லிச் சமாளித்தேன்.

போகிறவர்களுக்குப் போர்த்தலாமே என்று கிளப் பெட்டியைத் திறந்தேன். அடியில் ஐந்து பொன்னாடை பிரிக்காமல் கிடக்கிறது, எல்லாம் ஒரே சிவப்பு. தேரா கடையில் மொத்தமாக எடுத்தால் சல்லிசு என்று நீயும் நானும் சேர்ந்து எடுத்தோமே ஆறு, அதில் மிச்சம். முதலாவது உனக்குத்தான் வந்தது. மற்றது யார் யாருக்கு என்று நாம் அன்றே நினைத்திருக்கிறோம் பார். எனக்குக் கை வரவில்லை, மூடி வைத்துவிட்டேன். என்ன செய்யட்டும், சொல்.

உன்,
வைரவன்

*

ஜுபைல்,
5.11.2002

அன்பு மாப்ளே வைரவா,

நாளை நோன்பு தொடங்கலாம் என்கிறார்கள், டூட்டி நேரம் மாறும். அதற்குள் எழுதிவிடுகிறேன்.

அன்பரசனோடு போனில் பேசினேன். எடுத்ததும் திட்டத்தான் நினைத்தேன். வண்டி ரிவர்ஸ் எடுக்கும்போது கழுத்தை எப்படித் திருப்ப வேண்டும் என்று கார்டு தீருகிற வரை அவன்தான் பேசினான். அவன் இவ்வளவு பேசி நான் கேட்டதே இல்லை.

நான் உனக்கு எழுதிய கடிதத்தைக் கிழித்துப் போடு. சந்தை அது இது என்று எழுதியதை நினைத்தால் எனக்கே வெட்கமாக இருக்கிறது. அந்தப் பிள்ளைகளை ஊரிலிருந்து கூட்டி வந்ததில் எனக்கும் பாதி உண்டு.

போகிற நான்கு பேருக்கும் பொன்னாடை போர்த்தாதே. கேம்ப்பில் சம்பளம் வந்த ஆட்களிடம் கேட்டேன், வாய் கூசாமல்தான் கேட்டேன், கொடுத்தார்கள். டிராஃப்ட் இதோடு இருக்கிறது. கிளப்புக்கு இல்லை, அந்த நான்கு பேருக்கு. அவர்கள் கிளம்பிப் போயிருந்தால் வீட்டு விலாசத்துக்கு அனுப்பிவிடு. பாண்டித்துரைக்குக் கொஞ்சம் கூடப் போட்டுக் கொடு. பிறகு நீயும் டிக்கெட் எடுத்து லீவு போ, கனகாவிடம் நான் சொன்னேன் என்று சொல்.

அந்த ஐந்தில் ஒன்றை மட்டும் இங்கே வருகிற யாரிடமாவது கொடுத்தனுப்பு. சாரம் ஏறும்போது முட்டியில் இறுக்கிக் கட்ட இங்கே அதைவிட நல்ல துணி கிடைக்கவில்லை. ஜரிகை குத்தும், ஆனாலும் கால் நிற்கிறது. எனக்குப் போட்டது நைந்துவிட்டது.

உன் மாப்ளே,
அம்மையப்பன்