காதில் சொல்லவேண்டிய பெயர்

போன ஞாயிறு மத்தியானம் ரூஜ் பக்கம் இருக்கிற மகள் வீட்டில் இருந்தவர்கள்: மகள் துளசி, அவளுடைய புருஷனும் உங்கள் மகனுமான மார்க், மூத்த பேத்தி நிலா, என் வீட்டுக்காரர், நான், தொட்டிலில் இன்னும் பெயர் வைக்காத பேரன். வேறு ஒருவரும் இல்லை. அடுப்பில், பிள்ளை பெற்ற துளசிக்குப் பத்தியச் சரக்குக் கறி கொதித்துக்கொண்டிருந்தது. நிலா பிறந்த நேரம் இதே மிளகும் உள்ளியும் வாசல்வரை மணந்து உங்களைத் தும்மவைத்தது. "இது மருந்தா, சாப்பாடா?" என்று கேட்டுவிட்டு இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டீர்கள். அதை நினைத்து, "அண்ணை இருந்திருந்தா இண்டைக்குச் சட்டி வெறுமை" என்றேன். எல்லாரும் சிரித்தோம். அன்றைக்கு நான் கடைசியாகச் சிரித்தது அதுதான்.

இதைத் தமிழில் எழுதுகிறேன் அண்ணை. இங்கே இருந்தபோது உங்களுக்கு நாலைந்து சொல்லுக்கு மேல் வராது. போன இடத்தில் எல்லாப் பாஷையும் விளங்கும் என்று நம்புகிறேன். நீங்களும் மார்க்கும் இங்கிலீசில் சொன்னவற்றையும் என் மனதில் பதிந்தபடி தமிழில்தான் எழுதுகிறேன்.

சாப்பாடு முடிய மார்க் மடிக்கணினியைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். பிள்ளை பிறந்த துடக்குக் கழித்துப் பெயர் வைக்கிற முப்பத்தோராம் நாள் வருகிற வெள்ளிக்கிழமை. அதற்கு முன் உங்கள் வம்சத்தைக் கிளை கிளையாக வரைந்து அச்சடித்துக் கூடத்தில் மாட்ட வேண்டுமாம். "மாமி, நீங்கள் ஒருதரம் சரிபார்க்க வேண்டும். டாட் இருந்தாலும் உங்களிடம்தான் தந்திருப்பார்" என்றார்.

நீங்கள் சேமித்து வைத்த படங்களை ஒவ்வொன்றாகத் திறந்தோம். உங்கள் பாட்டனார் அல்பேட், அவருடைய தாய் தகப்பன், இங்கிலாந்தின் வடக்கே அவர்களுடைய நிலக்கரிச் சுரங்க ஊர். எல்லாம் நானும் நீங்களும் சேர்ந்து தேடி எடுத்தவை. இரண்டு படங்கள் மட்டும் எனக்குப் புதிது. தேவாலயத்தில் புதைத்தவர்களை எழுதிவைத்த பக்கங்கள். முதலாவதில் அல்பேட் என்று இருந்தது. அதே குடும்பப் பெயர், அதே தெரு. வயது பதினொரு மாதம்.

"இது வேறை ஆரோ. அழிச்சுவிடுங்கோ" என்றேன்.

மார்க் அடுத்ததைத் திறந்தார். அதிலும் அல்பேட். அதே தெரு. வயது இரண்டு.

"உதுவும் பிழை. செத்த பிள்ளை எப்பிடிக் கனடாவுக்கு வந்து குடும்பம் நடத்தினது?"

"இரண்டும் சரி மாமி" என்றார் மார்க். "முதல் பிள்ளைக்கு அல்பேட் என்று வைத்தார்கள். அது செத்துப்போனது. அடுத்துப் பிறந்த பையனுக்கும் அதே பெயரை வைத்தார்கள். அவனும் செத்துப்போனான். பிறகு பிறந்தவனுக்கும் அதே பெயர். அவர்தான் எங்கள் அல்பேட். டாடுக்கு இது தெரியும்."

கையில் இருந்த அகப்பையை எங்கே வைத்தேன் என்று எனக்குத் தெரியாது. பிறகு துளசி அதைப் பிள்ளையின் துணிகளுக்கு நடுவிலிருந்து எடுத்தாள்.

"அம்மா, அந்தக் காலத்தில உது நோர்மல். கனபேர் அப்பிடித்தான் வச்சவை" என்றாள்.

"உனக்கும் தெரியுமோ?"

"ஓம். மாமா சொன்னவர்."

"தெரிஞ்சுகொண்டே இவனுக்கும் அல்பேட் எண்டு வைக்கப் போறியள்?"

சோபாவில் சாய்ந்திருந்த என் வீட்டுக்காரர், "இஞ்சத்தைத் துடக்குப் போதாதெண்டு இவள் இங்கிலாந்துத் துடக்கையும் சேர்த்துக் காக்கப்போறாள்" என்றார். நிலா என் சீலையைப் பிடித்து இழுத்தாள். "அம்மம்மா, மூண்டு பேருக்கும் ஒரே பெயரெண்டா, கூப்பிட்டா ஆர் வாறது?" நான் தொட்டிலடிக்குப் போனேன். பிள்ளை நித்திரையில் வாயைச் சப்பிக்கொண்டிருந்தான். அவன் மூச்சு விடுகிறதைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

அந்த மேசையில் நாங்கள் இருந்த ஞாயிறுகளை நினைக்கிறேன். கார்த் தொழிற்சாலையில் கதவு பொருத்துகிற வேலையிலிருந்து ஓய்வுபெற்ற மனிதர், மனைவியும் போனபிறகு ஒஷாவாவிலிருந்து தனியே வண்டி ஓட்டிக்கொண்டு வருவீர்கள். நான் உங்களை அண்ணை என்றேன். கூடப்பிறந்தவர்கள் இல்லாத உங்களுக்கு அது பிடித்துப்போயிற்று. நீங்கள் என்னைச் சம்பந்தி என்றீர்கள். பழைய பதிவுகளைத் தேட உங்களுக்குப் பொறுமை இல்லை. எனக்கோ வீட்டுச் செலவைக் கட்டம் போட்ட கொப்பியில் எழுதி எழுதி, வரிசை தவறாமல் பார்க்கிற பழக்கம். இங்கிலீசு நான் படித்ததே கடைகள் போடும் மலிவு விற்பனைத் தாள்களில். அதனால் சுரங்கத்து வேலைகளின் பெயர்களை நீங்கள்தான் விளங்கப்படுத்தினீர்கள். நிலத்துக்கடியில் கரி வெட்டுகிறவர், வண்டி தள்ளுகிறவர், குதிரை பார்க்கிற பொடியன். உங்கள் பாட்டனாரும் மீசை முளைக்க முன்னமே கீழே இறங்கினவர் என்று கண்டபோது, நீங்கள் எழும்பிப்போய் யன்னலடியில் நின்றீர்கள்.

குடிசனக் கணக்கெடுப்புத் தாள் கிடைத்த நாள் நினைவிருக்கிறதா? இரண்டு அறை வீடு. அத்தனை பிள்ளைகளுக்கும் கீழே, வேறு குடும்பப் பெயரோடு ஓர் ஆம்பிளை.

"இவர் ஆர்?"

"வாடகை கொடுத்துப் படுக்கிறவர்."

"குமர்ப்பிள்ளையள் இருக்கிற வீட்டிலையோ!"

நீங்கள் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தீர்கள். "உங்கள் வீட்டுப் பேஸ்மென்றில் வாடகைக்கு இருக்கிற இரண்டு பொடியன்களும் யார் சம்பந்தி?" அன்றைக்கு மோர்னிங்சைட்டில் எங்கள் வீட்டுக்குத் திரும்பும்வரை நான் காருக்குள் சிரித்தேன்.

அதே தாளில்தான் தாயின் பெயருக்கு நேரே மூன்று கட்டங்கள் இருந்தன. பிறந்த பிள்ளைகள், இருக்கிற பிள்ளைகள், இறந்த பிள்ளைகள். இறந்தவை இரண்டு. "அந்த ரெண்டு பேரையும் தேடி எடுப்பம் அண்ணை" என்றேன். நீங்கள் மடிக்கணினியை மூடிவிட்டீர்கள். "இன்றைக்குப் போதும். தேத்தண்ணி போடுங்கள்." உங்களுக்கு முழங்கால் நோகிறதாக்கும் என்று நினைத்து நான் கேத்திலை வைத்தேன்.

அதன்பிறகு நீங்கள் ஒஷாவா ஆஸ்பத்திரியில். துளசிக்கு அப்போது வயிறு தெரியத் தொடங்கியிருந்தது. பொடியன் என்று ஸ்கானில் சொல்லிவிட்டார்கள். மூச்சுக்கு வைத்த குழாயை ஒருபக்கம் தள்ளிவிட்டு என் கையைப் பிடித்தீர்கள். "அல்பேட் என்று வையுங்கள். தமிழ்ப் பெயர் உங்கள் விருப்பம். ஆனால் அல்பேட் என்று அவன் காதில் முதலில் சொல்லுகிறவர் நீங்களாக இருக்க வேண்டும். எங்கள் தேவாலயத்தில் ஊருக்கே கேட்கச் சொல்வார்கள். நிலாவுக்கு நீங்கள் செய்ததைப் பார்த்தேன். உங்கள் முறையில் பெயர் முதலில் அதன் சொந்தக்காரருக்குப் போகிறது. அது நல்லது."

"ஓம் அண்ணை" என்றேன்.

"ஓம்" என்றீர்கள் நீங்களும். உங்கள் வாயில் திருத்தமாக வந்த தமிழ்ச் சொல் அது ஒன்றுதான். அன்று பின்னேரமே பிள்ளையாருக்கு முன்னால் நின்று அந்த ஓமைத் திரும்பவும் சொன்னேன். மனிதருக்குச் சொன்னதை ஏதும் நியாயம் சொல்லி மாற்றலாம். அங்கே சொன்னதை மாற்ற என்னால் முடியாது.

சட்டி கழுவும்போதெல்லாம் அந்தப் பெயரைச் சொல்லிப் பழகினேன். ஞாயிறுக்குப் பிறகு வாய் வரவில்லை. இரண்டு குழந்தைகளோடு மண்ணுக்குள் போய்வந்த பெயர். அதை எப்படி ஒரு தாய் எடுத்து மூன்றாவதற்குப் போட்டாள்? தமையன் போட்ட சட்டையைத் தம்பிக்குப் போடுகிற மாதிரியா? முதலில் எனக்கு அவள்மேல் கோபமே வந்தது. எங்கள் வீட்டில் நடந்தது இதற்கு நேர்மாறு. என் பெரியண்ணைக்கு முன்னம் பிறந்த இரண்டும் தங்கவில்லை. அதனால் அவர் பிறந்தவுடன் அம்மா அவரைப் பக்கத்து வீட்டுக்குத் தவிட்டுக்கு விற்றுத் திரும்ப வாங்கினா. பதிவில் நல்ல பெயர் இருந்தது. கூப்பிட்டது பிச்சை என்று. யமன் பெயர் கேட்டு வந்தால், அப்படி ஒரு ஆள் இந்த வீட்டில் இல்லை என்று சொல்லத்தான். எழுபது தாண்டியும் அவர் பிச்சைதான்.

திங்கட்கிழமை அவருக்குப் போன் பண்ணிச் சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன்.

"அந்த மனிசிக்கு எவ்வளவு துணிவடி!" என்றார். "எங்கட அம்மா ஒளிச்சவ. அந்த மனிசி வாசல்ல நிண்டு யமனோட சண்டை பிடிச்சிருக்கிறா."

"ரெண்டு தரம் தோத்தவவெல்லோ."

"மூண்டாந்தரம் வெண்டவவெல்லோ."

"அது அவவின்ர பிள்ளை. இது என்ர பிள்ளை" என்று சொல்லிப் போனை வைத்தேன். பெரியண்ணையோடு நான் அப்படிக் கதைத்ததே இல்லை.

துடக்கு வீட்டுக்குப் போய்வருகிறபடியால் கோவிலுக்குப் போகவில்லை. கோவில் ஐயாவுக்குத் தொலைபேசி எடுத்தேன். மனதில் இருந்ததைக் கேட்கக் கூச்சமாக இருந்தது. வருகிற அமாவாசைக்கு இரண்டு மோட்ச அர்ச்சனை வேண்டும் என்று தொடங்கினேன்.

"பெயர் சொல்லுங்கோ அம்மா."

"அல்பேட். மற்றது அல்பேட்."

"ஒண்டையே ரெண்டு தரம் சொல்லுறியள்."

"ரெண்டு பேர் ஐயா."

"கோத்திரம்?"

"நிலக்கரி வெட்டின ஆக்கள்."

ஐயா கார் ஓட்டிக்கொண்டிருந்தாராக்கும். திரும்பும் விளக்கு டிக் டிக் என்று கேட்டது. "சரி, சிவகோத்திரம் எண்டு போடுவம். என்ன வயசு?"

சொன்னேன். அவருடைய குரல் இறங்கிவிட்டது. "உந்தப் பால்குடியளுக்கு ஒண்டும் செய்யிறேல்லை அம்மா. அதுகள் ஒரு கடனுமில்லாமல் நேர போயிடும். நாங்கள் செய்யிறதுக்கு ஒண்டுமில்லை."

அந்தச் சொல்லோடு நாள் முழுக்க வீட்டுக்குள் நடந்தேன். செய்கிறதுக்கு ஒன்றுமில்லை. கல் நாட்ட வசதியில்லாத வீடு. ஒரு படம்கூட இல்லை. புருஷன் விடியமுன் சுரங்கத்துக்குள் இறங்கிவிடுவான். அந்தப் பிள்ளைகளுக்காக அவளால் செய்ய முடிந்தது, பெயரை மட்டுமாவது அவர்களோடு புதைக்காமல் வைத்துக்கொண்டதுதானோ? அப்படி நினைக்கும்போது நெஞ்சு இளகுகிறது. பேரனைத் தூக்கினால் திரும்பவும் இறுகுகிறது. விளங்குவது ஒன்று, பயம் போவது வேறொன்று என்று இந்த வயதில் படிக்கிறேன்.

மார்க்கும் துளசியும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. "அம்மா, உங்களுக்குப் பயமெண்டா வேற பெயர் வைப்பம்" என்று நேற்று துளசி சொன்னாள். ஆனால் நீங்கள் கேட்டது என்னிடம். ஓம் சொன்னதும் நான். அந்தப் பெயர் என் வாய்க்குள் இருக்கிறது. விழுங்கவும் முடியவில்லை, வெளியே விடவும் முடியவில்லை.

எனக்கு ஒன்றே ஒன்று தெரியவேண்டும். அன்றைக்கு மடிக்கணினியை மூடியது நான் பயப்படுவேன் என்றா, உங்களுக்கே பயமாக இருந்தது என்றா? மூன்று பேர் என்று தெரிந்தும் பயமில்லாமல்தான் கேட்டீர்கள் என்றால் எனக்கு அது போதும். வெள்ளிக்கிழமை பிள்ளை முழுகியவுடன் அவன் காதுக்குக் குனிந்து சொல்லிவிடுவேன். கனவில் வந்து சொன்னாலும் சரி, வேறு எப்படிச் சொன்னாலும் சரி. வெள்ளிக்கு முன்னம் பதில் சொல்லுங்கள் அண்ணை.