தேயிலை இல்லாத மலை

லுணுகலை
6.10.2024

அன்புள்ள மச்சானுக்கு,

நானும் நம் மகள் லக்ஷிகாவும் ஆண்டவர் புண்ணியத்தில் சுகம். நீங்கள் கொடுத்தனுப்பிய படம் வரையும் புத்தகம் கிடைத்தது. முகம், தாமரை, மயில் எல்லாம் இருக்கிறது. மலை இல்லை. பதுளையில் புத்தகக் கடையிலேயே வேலை செய்கிறவருக்கு இதுதான் கிடைத்ததா?

நம் லயத்து வீட்டு வரிசைக்கு மேலே நிலம் வெடித்திருப்பதைப் போனில் எடுத்துத் தோட்டத்துத் துரையிடம் காட்டினோம். "தேயிலைதானே தெரியுது, வெடிப்பு எங்க?" என்றார். செடி மூடியிருக்கிறது. கையால் வரைந்தால் செடியை விட்டுவிட்டு வெடிப்பை மட்டும் காட்டலாம். சரிவு வரையச் சொல்லித்தருகிற எதையாவது தேடுங்கள். பெருமழைக்கு முன்னால் வேண்டும். இங்கே சிக்னல் இல்லாததால் இதையும் பஸ் கொண்டக்டரிடமே கொடுத்தனுப்புகிறேன்.

நேசராணி

பதுளை
11.10.2024

அன்புள்ள ராணி,

கோபிக்காதே. முதலாளி மகள் ரிஸ்கா தன் பழைய புவியியல் செய்முறைப் புத்தகத்தைத் தந்தாள். "அண்ணிக்கு என்ன, சர்வேயர் வேலை கிடைச்சிருக்கா?" என்று சிரிக்கிறாள். மூன்று வீடியோ மெமரி கார்டில் இருக்கிறது. சிங்களத்தில் பேசுகிறார்கள், கையைப் பார்த்தால் போதும்.

வரை. ஆனால் லயத்தை விட்டு இறங்காதே. லயத்தில் இருப்பவர்களுக்கு அரசாங்கம் தரும் புது வீட்டுக்குப் பெயர் எழுத இந்த மாதம் வருகிறார்களாம். ஆளில்லாமல் பூட்டிய காம்பரா வீட்டுக்குப் பெயர் விழாது. எட்டு வருடம் காத்திருக்கிறோம்.

அற்புதராஜ்

லுணுகலை
20.10.2024

அன்புள்ள மச்சானுக்கு,

இரண்டாவது வீடியோவில் ஒரு பெண் பென்சிலைக் கை நீட்டிப் பிடித்து அளக்கிறாள். அதைப் பிடித்துக்கொண்டேன். லக்ஷிகாவின் கணக்குக் கொப்பி தீர்ந்துவிட்டது.

கொழுந்தெடுக்கும்போது அவரவர் செடி நிரையை விட்டு நகர மாட்டோம். அதனால் ஒவ்வொருத்தியும் தன் நிரையிலுள்ள வெடிப்பைத்தான் பார்த்திருக்கிறாள். "என் நிரையில கால் போற அளவுதான்டி" என்றாள் லெட்சுமி அக்கா. பதினேழு பேரிடம் கேட்டு, நிரை நிரையாகப் புள்ளி வைத்துச் சேர்த்தேன். பதினேழும் ஒரே வெடிப்பு. அரிவாள் மாதிரி வளைந்து, இரண்டு முனையும் நம் லயத்தின் இரு பக்கமும் இறங்குகிறது. நடுவில் நம் காம்பரா.

படத்தைக் கிராம சேவகரிடம் கொடுத்தேன். மேலே அனுப்புவதாகச் சொன்னார். நேற்றிலிருந்து மழை. கீழே பள்ளிக்கூடத்துக்கு இறங்கட்டுமா?

நேசராணி

பதுளை
23.10.2024

அன்புள்ள ராணி,

பெயர் எழுத வருவது திங்கட்கிழமை. அதுவரை பொறு. புத்தகம் பார்த்து வரைந்ததை நம்பி வீட்டை விடுவதா? போன மாதம் நீ வரைந்தனுப்பிய கோழி ஆடு மாதிரி இருந்தது. பெயர் விழட்டும், நானே வந்து கூட்டிப்போகிறேன்.

அற்புதராஜ்

லுணுகலை
25.10.2024

அன்புள்ள மச்சானுக்கு,

உங்கள் கடிதத்தைப் பள்ளிக்கூடத்தில் வைத்து வாசித்தேன். நேற்று லெட்சுமி அக்காவின் நிரையில் வெடிப்புக்குள் கால் முழங்கால் வரை போனது. படத்தைப் பார்த்தபின் எட்டுக் குடும்பமும் இறங்கிவிட்டோம். காம்பராவைப் பூட்டித்தான் வந்தேன்.

கோழி ஆடு மாதிரி இருந்தது உண்மை. கோழியை நான் அளந்து வரையவில்லை.

திங்கட்கிழமை காம்பராவைத் திறந்து உட்கார விருப்பமென்றால், சாவி ஃபெக்டரி வாட்சர் அழகரிடம் இருக்கிறது. பஸ்ஸை விட்டு ஃபெக்டரியடியில் இறங்குங்கள். எங்களிடம் வருவதென்றால் இன்னும் இரண்டு மைல் கட்டை தள்ளி, பள்ளிக்கூடத்தடியில்.

அப்பா எங்கே இறங்குவார் என்று லக்ஷிகா கேட்கிறாள்.

நேசராணி