பதினாறாம் குழியின் பந்துக்காவலன்

ஜூலை 1, செவ்வாய்

இன்று எழுதப்போவதை ஒருவரும் நம்பப்போவதில்லை. நான் ஓட்டும் பள்ளிப் பேருந்தின் ஸ்டியரிங் மேல் கை வைத்து, இன்வர்காரிக் ஊரின் தலைசிறந்த பொய்யனாகிய மர்டோ கெடஸ் சத்தியம் செய்கிறேன்: என் அக்கா மகன் லாக்லன் ஓபனில் ஆடப்போகிறான்!

உலகமே வாய் பிளந்து பார்க்கும் கோல்ஃப் போட்டி. இந்த வருடம் எங்கள் ஊர்க் கடற்கரைத் திடலில். தகுதிச் சுற்றில் மிச்சமிருந்த கடைசி இடத்தை இன்று பிடித்துவிட்டான். கடைசிக் குழியில் அவன் தட்டிய பந்து மூன்று மைல் உருண்டு, ஒரு பசுவைச் சுற்றிக்கொண்டு வந்து உள்ளே விழுந்தது. சரி, நாற்பது அடி. பசு கிடையாது.

எல்ஸ்பெத் அக்கா மட்டும் சிரிக்கவில்லை. "முப்பத்தொண்ணு ஆச்சு மர்டோ. இன்னும் கிளப் கடையில ஸ்வெட்டர் மடிச்சிட்டிருக்கான். சனிக்கிழமை வரைக்கும் தாக்குப்பிடிச்சா ஆடட்டும். இல்லன்னா அபர்தீன் போயி கடல் காத்தாலை வேலையில சேரட்டும். ஆள் எடுக்கறாங்க."

லாக்லன் தலையாட்டிவிட்டான். தலையாட்ட எதற்கடா இவ்வளவு அவசரம்?

ஜூலை 9, புதன்

எனக்கும் பதவி. பதினாறாம் குழி, இடது மணல்மேடு, பந்துக்காவலன். பந்து புதரில் விழுந்தால் விழுந்த இடத்தில் ஒரு சின்னக் கொடியை நட வேண்டும். கொடியும் கொடுத்தார்கள், முதுகில் எழுத்துப் போட்ட சட்டையும் கொடுத்தார்கள். ராஜாக்களுக்கு இதைவிடக் குறைவாகத்தான் கிடைத்திருக்கும்.

பயிற்சி கொடுத்தவள் இஸோபெல் ராங்கின். பள்ளியில் என் பக்கத்து இருக்கைக்காரி, பிறகு கணக்கு டீச்சர், இப்போது விதி நடுவர். "பாத்ததச் சொல்லணும். பாக்காதத சொல்லக் கூடாது. மர்டோ, இத உனக்குத்தான் ரெண்டு தடவ சொல்றேன்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும்.

ஜூலை 14, திங்கள்

அக்கா தன் வீட்டை ஒரு வாரத்துக்கு அமெரிக்கக் குடும்பத்துக்கு விட்டுவிட்டு என் வீட்டுக்கு வந்துவிட்டாள். ஊரில் பாதிப் பேர் இப்படித்தான் சொந்தக்காரன் வீட்டுத் தரையில். அக்காவுக்கு என் கட்டில், லாக்லனுக்கு சோபா, எனக்குக் குளியல் தொட்டி. இடுப்பு இப்போது கேள்விக்குறி வடிவத்தில் இருக்கிறது.

லாக்லன் கஞ்சியைக் கிளறிக்கொண்டே இருக்கிறான், சாப்பிடவில்லை. நான் கெட்டிலைப் போடுகிறேன், அணைக்கிறேன், மறுபடி போடுகிறேன். "ரெண்டு பேரும் வெளிய போய்த் தொலைங்க" என்றாள் அக்கா. போனோம். திடல் வரை நடந்து திரும்பினோம்.

ஜூலை 16, புதன்

சும்மா இருக்க முடியவில்லை. வீட்டிலிருந்த எல்லா பூட்ஸுக்கும் பாலிஷ் போட்டேன். பக்கத்து வீட்டு பூட்ஸுக்கும்.

ஜூலை 17, வியாழன்

காற்று! ஒரு ஆட்டுக்குட்டி என் தலைக்கு மேலே பறந்து நார்வே பக்கம் போனது. நார்வேக்காரர்கள் வணக்கம் சொல்லித் திருப்பி அனுப்பியிருக்கலாம்.

அந்தக் காற்றிலும் லாக்லன் நன்றாக ஆடினான். நாளை மாலை ஆட்டக்காரர்களில் பாதிக்கும் மேலானவர்களை வெட்டி வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். மிஞ்சியவர்களுக்குத்தான் சனியும் ஞாயிறும். இன்றைய நிலவரப்படி அவன் கோட்டுக்கு இந்தப் பக்கம். மட்டையால் அடிக்கும் ஒரே ஓர் அடிதான் இடைவெளி; அதற்கு மேல் கூடினால் வெளியே.

ஓரடி. என் இதயத்தை யாரோ காலணி நாடா மாதிரி இழுத்துக் கட்டியிருக்கிறார்கள்.

ஜூலை 18, வெள்ளி

எழுதிவிடுகிறேன். எழுதாவிட்டால் இதையும் ஏதாவது மீனாக மாற்றிவிடுவேன்.

லாக்லன் கடைசியாக ஆட வந்த குழுவில். பதினாறாம் குழிக்கு அவன் வரும்போது கேமராக்கள் எல்லாம் வேறு பெரிய ஆட்கள் பின்னால் போய்விட்டன. இன்னும் மூன்று குழி, அதே ஓரடி மிச்சம். மேட்டின் மேல் நின்றால் தூரத்தில் அவன் எறும்பு அளவு தெரிவான். எறும்பு மட்டையைப் பின்னால் தூக்கியது.

கண்ணை மூடிக்கொண்டேன்.

பந்துக்காவலன்! கண்ணை மூடிக்கொண்டான்!

தொப் என்று சத்தம், என் இடது கை பக்கம். கண்ணைத் திறந்தால் புல்லிலிருந்து ஒரு கடற்காகம் எழும்பிப் போகிறது. வாயில் வெள்ளையாக ஏதோ. பந்தா? யாரோ போட்ட ரொட்டித் துண்டா? அதற்குள் அது கடல் மேலே போய்விட்டது.

தேடினோம். மூன்று நிமிடம்தான் அனுமதி. பந்து இல்லை. என் பப் கூட்டாளி வுல்லி, பார்வையாளர் கயிற்றுக்கு அந்தப் பக்கமிருந்து ஓடி வந்தவன், மூச்சு வாங்க என் காதில்: "பறவை எடுத்திட்டுப் போச்சுன்னு சொல்லுடா. பழைய எடத்துலயே வேற பந்து வச்சு ஆடலாம், தண்டனை கெடையாது. சொல்லு!"

இஸோபெல் வந்தாள். "மர்டோ, ஒரே கேள்வி. திமிங்கலக் கதையெல்லாம் வேண்டாம். பறவை பந்த எடுத்தத நீ பாத்தியா?"

லாக்லன் என்னைப் பார்த்தான். "மாமா, பாத்தீங்களா?"

'பார்த்தேன்' என்ற சொல் தொண்டை வரை வந்து நின்றது. அறுபத்து நாலு வருடமாகப் பொய் என் தாய்மொழி. இந்த ஊரில் கல்யாணத்தில் பொய் சொல்லலாம், கோர்ட்டில்கூடச் சொல்லிப் பார்க்கலாம். திடலில் சொன்னவன் சவப்பெட்டியைத் தூக்க நாலு பேர் தேறாது. ஆனால் அதெல்லாம் அப்போது நினைவில் இல்லை. அவன் முகம் மட்டும்தான்.

"வெள்ளையா ஏதோ இருந்துச்சு," என்றேன். "பந்துன்னு சொல்ல முடியாது. பாக்கலடா."

"சரி மாமா" என்றான். திரும்பி நடந்தான், முதலிலிருந்து அடிக்க, தண்டனையோடு. அந்தக் குழியில் இரண்டு அடி கூடுதலாகிவிட்டது. மீதி இரண்டு குழியிலும் மீட்க முடியவில்லை.

ஓரடியில் வெளியே.

ஜூலை 19, சனி

பப்புக்குப் போயிருக்கக் கூடாது. வுல்லி ஸ்டூலின் மேல் ஏறி நின்று ஊருக்கே அறிவித்தான்: "ஒம்பதடி நீளத்துக்கு மீன் பாத்தவன்! மாதா கோயில் மணிமேல கடற்கன்னி உக்காந்திருந்தத பாத்தவன்! மூக்குக்கு நேரா போன பந்து மட்டும் இவன் கண்ணுக்குத் தெரியலயாம்!"

"சொந்த அக்கா பையனுக்கு ஒரு பொய் சொல்ல வக்கில்ல," என்றாள் பீர் ஊற்றுகிறவள்.

காரணம் சொல்லிப் பார்த்தேன். முதலில் கண்ணில் மணல் என்றேன். பிறகு தேனீ. மூன்றாவது கிளாஸுக்கு ஒரு நீர்மூழ்கிக் கப்பல் வந்துவிட்டது. ஒருவரும் சிரிக்கவில்லை.

அக்கா என்னோடு பேசவில்லை. குளியல் தொட்டிக்குத் தலையணைகூடத் தரவில்லை.

ஜூலை 20, ஞாயிறு

யாரோ ஜெயித்தார்கள். கைதட்டல் வீடு வரை கேட்டது. ஜன்னலைச் சாத்தினேன், திறந்தேன், சாத்தினேன்.

ஜூலை 22, செவ்வாய்

அமெரிக்கர்கள் போய்விட்டார்கள், அக்காவும் தன் வீட்டுக்கு. லாக்லன் மட்டும் வந்தான், இறைச்சி அடைத்த இரண்டு சூடான அப்பங்களோடு. துறைமுகச் சுவரில் உட்கார்ந்து தின்றோம். அபர்தீன்காரர்கள் வேலை கொடுத்துவிட்டார்களாம்.

எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. "லாக்லன், அன்னிக்கு நான்—"

"கண்ண மூடிட்டீங்க."

அப்பம் கையிலிருந்து நழுவி மடியில் விழுந்தது. "எவன்டா சொன்னது?"

"யாரு சொல்லணும்? சின்ன வயசுலேர்ந்து பாக்கறேன். நான் மட்டைய ஓங்கினாலே நீங்க கண்ண மூடிப்பீங்க. தொப்பிய வேற எறக்கி விட்டுப்பீங்க."

"அப்ப எதுக்குடா என்னைக் கேட்ட?"

வாயில் இருந்ததை மென்று முடித்துவிட்டுத்தான் பதில் சொன்னான். "ஒருவேளை அன்னிக்கு மட்டும் தொறந்து வச்சிருந்தீங்களோன்னு. கேட்டதும்தான் ஒறச்சுது. நீங்க பாத்தேன்னு சொல்லிட்டா நான் என்ன பண்ணுவேன்? 'இல்ல இஸோபெல், எங்க மாமா கண்ண மூடிட்டுதான் நின்னிருப்பாரு'ன்னு நானே சொல்லணும். அத்தன பேர் முன்னாடி உங்கள நானே பொய்யன்னு சொல்லணும். சொல்லாம வச்சு ஆடினா அது என் ஆட்டமே இல்ல." கையைக் கால்சட்டையில் துடைத்தான். "நீங்க வாயத் தொறக்கற வரைக்கும் எனக்குப் பந்து நெனப்பே போயிடுச்சு மாமா. இவரு என்ன சொல்லப்போறாரோங்கறது மட்டும்தான்."

மர்டோ கெடஸ், பேச்சற்று. இதையும் ஒருவரும் நம்பப்போவதில்லை.

"அம்மாகிட்ட சொல்லிட்டேன்," என்றான். "தலையணை தருவா இனிமே."

ஜூலை 27, ஞாயிறு

லாக்லனை ரயில் ஏற்றிவிட்டு வந்தோம். துணிப்பையிலிருந்து ஒரு மட்டையின் பிடி மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அக்கா அதைப் பார்த்தாள். மேலே ஒரு துண்டைப் போட்டு மூடிவிட்டாள், மழை படாமல்.

ரயில் நகர்ந்ததும் நான் அழுத அழுகையில் தண்டவாளம் முழுகியது. நடைமேடையில் முழங்கால் வரை வெள்ளம். ஸ்டேஷன் மாஸ்டர் தொப்பியைத் துடுப்பாக்கிக்கொண்டு நீந்தினார். அபர்தீன் வண்டி படகாகப் போய்ச் சேர்ந்தது. இரண்டு கடல்நாய்கள் டிக்கெட் இல்லாமல் ஏறிக்கொண்டன.

அழுதது மட்டும் நிஜம். கொஞ்சம்தான்.