மாவு மில் டெலிபோன்

1984 பிப்ரவரி 10, வெள்ளி

மஸ்கட்டிலிருந்து போன் வந்தது. பேசினேன். என்ன பேசினேன் என்று யாராவது கேட்டால் சொல்ல ஒன்றும் இல்லை.

கதிர்காமத்தில் எங்கள் பக்கத்துக்கே ஒரே போன், இராமதாஸ் அண்ணனின் மாவு மில்லில் இருப்பது. மஸ்கட்டில் என் வீட்டுக்காரருக்கு வெள்ளிக்கிழமை லீவு. அன்றுதான் கூப்பிடுவார். மில்காரர் பெண்டாட்டி தையல்நாயகி அக்கா மில்லு வாசலில் நின்றபடியே "பாயம்மா, போனு!" என்று குரல் கொடுப்பார். நான் ஓட, பின்னாலேயே என் புருஷனின் அம்மா, மாமி, மாமிக்குப் பின்னால் மகள் கரீமா. மில் ஓடும் சத்தத்தில் கத்தினால்தான் கேட்கும். அரிசி மாவு, கேழ்வரகு மாவு என்று வரிசையில் நிற்கும் பெண்கள் எல்லாரும் என் வாயையே பார்ப்பார்கள்.

"எப்படி இருக்கீங்க?"

"எனக்கென்ன, ராஜா மாதிரி இருக்கேன். நீங்க?"

"நல்லா இருக்கோம்!"

இவ்வளவுதான். நான்கு வருடமாக இதையே கத்திக்கொண்டிருக்கிறேன்.

பிப்ரவரி 14

டெலிபோன் ஆபீஸுக்குப் போனேன். வீட்டுக்குச் சொந்தமாகப் போன் வேண்டுமென்று விண்ணப்பம் கொடுத்து எத்தனை காலம்! கன்னியப்பன் என்ற கிளார்க் நல்ல மனிதர்தான், ஆனால் சொல்வது எதுவும் நல்லதாக இல்லை.

"சாதாரண வரிசைன்னா இப்பத்திக்கு வராதும்மா. முன்பணம் கட்டுற ஸ்கீம்ல போட்டா சீக்கிரம் வரும்."

"அதுலயே போடுங்க சார்."

"போடலாம். ஆனா உங்க பக்கம் கேபிள் கெடையாதே? மில்லோட நின்னுடுது."

பிறகு எதற்கு அந்த ஸ்கீமைச் சொன்னார்? கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

பிப்ரவரி 15

மாமி கேட்கிறார்: "போனு வாங்கி என்ன பேசப்போற? அதான் வாராவாரம் பேசுறீல்ல?"

பிப்ரவரி 24, வெள்ளி

போன் வரவில்லை. காலையிலிருந்து காது மில் பக்கமே இருந்ததில் அடுப்பில் கொதித்த ஆணம் அடிப்பிடித்துவிட்டது.

மார்ச் 2, வெள்ளி

இன்று பேசினார். ஒப்பந்தம் மே மாதம் முடிகிறதாம். இன்னும் இரண்டு வருடத்துக்குக் கம்பெனியில் கேட்கிறார்களாம். இந்த மாதக் கடைசிக்குள் கையெழுத்துப் போட வேண்டுமாம். "என்ன சொல்ற?" என்றார்.

என்ன சொல்வேன்? எதிரே மாவுச்சல்லடையோடு ஐந்தாறு பேர். பக்கத்தில் மாமி. "உங்க இஷ்டம்" என்றேன். ரிசீவரை வைத்ததும் என் வாயிலேயே அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. என் இஷ்டம் எங்கே போயிற்று?

மார்ச் 4

கடிதம் எழுதலாமென்று உட்கார்ந்தேன். அவர் சிறு வயதிலேயே நூல் மில் வேலைக்குப் போய்விட்டவர். எழுத்துக்கூட்டித்தான் படிப்பார். என் கடிதங்களை அவர் அறையில் கூட இருக்கும் பக்கிரிதான் படித்துக் காட்டுகிறான். குருசுக்குப்பத்துக்காரன். போன தடவை லீவில் வந்தபோது, "நீங்க எழுதுற கையெழுத்து முத்துமுத்தா இருக்குது அண்ணி" என்று என்னிடமே சொன்னான். அவன் வாயால் என் புருஷனிடம் "வந்துடுங்க" என்று நான் சொல்ல வேண்டுமா?

கிழித்துப் போட்டேன்.

மார்ச் 6

கேசட்டில் பேசி அனுப்பலாமென்று டேப்ரிக்கார்டரை எடுத்தேன். பட்டனை அழுத்தும் சத்தம் கேட்டதுமே மாமி வந்து உட்கார்ந்துவிட்டார். "அப்துல் முத்தலிபு, ராசா, நாங்க எல்லாரும் நல்லா இருக்கோம்..." ஒரு பக்கம் முழுக்க அதுதான். மறுபக்கம் கரீமா பள்ளிக்கூடப் பாட்டு. எனக்கு இடமில்லை. இருந்தாலும் என்ன, அங்கே அறையில் அத்தனை பேரும் சுற்றி உட்கார்ந்துதான் கேட்பார்களாம்.

மார்ச் 7

தந்தி? தந்தியைக் கண்டாலே மவுத், யாரோ போய்விட்டார்கள் என்று விழுந்துவிடுவார். வேண்டாம்.

கடல் தாண்டி ஆள் போகிறது, விமானம் போகிறது, ஊறுகாய் பாட்டில் போகிறது. பெண்டாட்டி சொல்ல நினைக்கிற ஒரு வார்த்தை போக வழியில்லை.

மார்ச் 11

ராத்திரி காய்ச்சல் மாதிரி இருந்தது. காலையில் ஒன்றுமில்லை. போன ஐப்பசியில் மஞ்சள்காமாலை வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தேன். அந்த வாரம் அவர் கூப்பிட்டபோது மாமி போய்ப் பேசி, நான் மார்க்கெட்டுக்குப் போயிருப்பதாகச் சொல்லிவிட்டார். அவன் அங்கே கவலைப்படுவானே என்றார். அடுத்த வாரம் நானே போய் நின்றேன். நிற்க முடியவில்லை, மேசையைப் பிடித்துக்கொண்டேன். அப்போதும் "நல்லா இருக்கோம்" என்றுதான் கத்தினேன். மாமியை மட்டும் சொல்லி என்ன?

மார்ச் 16, வெள்ளி

எழுதவே கை கூசுகிறது.

போன் வந்தது. மில் முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது. "திங்கக்கிழமை கையெழுத்துப் போடப்போறேன், சரியா?" என்றார். அந்தச் "சரியா"வைக் கேட்டதும் எனக்குள் என்னவோ ஆகிவிட்டது. சத்தத்தில் யாருக்கும் கேட்காது என்ற தைரியத்தில் அடிவயிற்றிலிருந்து கத்தினேன்.

"போடாதீங்க! வந்துடுங்க! என்னால தனியா முடியல!"

பாதியில் கரண்டு போய்விட்டது.

மில் நின்றுபோன அந்த அமைதியில் "தனியா முடியல" மட்டும் தகரக்கூரையில் பட்டுத் திரும்பி வந்தது. ரிசீவரில் ஒரு சத்தமும் இல்லை. "என்னங்க? என்னங்க?" என்றேன். கொஞ்ச நேரத்தில் லைனும் போய்விட்டது.

அவருக்குக் கேட்டதா இல்லையா தெரியவில்லை. கதிர்காமம் முழுக்கக் கேட்டுவிட்டது.

மார்ச் 17

மாமி சோற்றைப் போட்டுக்கொண்டு போய் அடுப்படியில் உட்கார்ந்து சாப்பிட்டார். கடைசியில் சுவரைப் பார்த்துச் சொன்னார்: "ஊரு சிரிக்குது."

சிரிக்கட்டுமே! சிரிக்கிறவங்க யாராவது வந்து என் கூட ஆஸ்பத்திரியில படுத்தாங்களா?

மார்ச் 18

தையல்நாயகி அக்கா வந்தார். மில்லிலேயே நான் விட்டுவிட்டு வந்த மாவுத்தூக்கைக் கொண்டு வந்திருந்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். உட்கார்ந்து தண்ணீர் கேட்டார்.

"நான் அந்த மனுஷன் கூடவேதான் இருக்கேன். ஒரே மில்லு, ஒரே ஊடு. என்னால முடியலன்னு ஒரு நாளும் சொன்னதில்ல. நீ சொல்லிட்ட."

மாவுத்தூக்கை வாங்கி உள்ளே வைத்தேன்.

"டெலிபோன் ஆபீஸ்ல கதவு போட்ட ரூமு இருக்குது, தெரியுமில்ல? மஸ்கட்டுக்கு நீயே புக் பண்ணிப் பேசு. எத்தினி நாளைக்கு அவரு கூப்புடுவாருன்னு காத்துக்குனு இருப்ப?"

இவ்வளவு நாள் எனக்கு ஏன் இது தோன்றவில்லை? அவர் தங்கியிருக்கும் இடத்து கேன்டீன் நம்பர் என்னிடம் இருக்கிறது. மவுத் என்றால் மட்டும் கூப்பிடச் சொல்லியிருந்தார். அதனால்தான்.

மார்ச் 19, திங்கள்

அங்கே இன்று கையெழுத்து நாள். எல்லாரும் வேலைக்குப் போயிருப்பார்கள். கூப்பிட்டாலும் கேன்டீனில் ஆள் கிடைக்காது. வெள்ளிவரை பொறுக்க வேண்டும். கரீமாவை ஒன்றுமில்லாததற்கு அடித்துவிட்டேன்.

மார்ச் 23, வெள்ளி

காலையிலேயே பஸ் ஏறி டெலிபோன் ஆபீஸுக்குப் போய்விட்டேன். கன்னியப்பன் சார், "சொந்த போன் விஷயமாம்மா? இன்னும்..." என்று தொடங்கினார். "அது இருக்கட்டும் சார், மஸ்கட்டுக்கு ஒரு கால் போடணும்" என்றேன். பம்பாய் லைன் கிடைக்கவில்லை, பிறகு கிடைத்தது, பிறகு மஸ்கட் கிடைக்கவில்லை. கடிகாரத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டேன். ஜும்மா தொழுகை முடிந்து ஆட்கள் தொப்பியை மடித்துக்கொண்டு போகிற நேரத்தில் கூப்பிட்டார்கள்: "பத்ருநிஷா! மஸ்கட்!"

பதுருன்னிசா என்று சொல்லித் திருத்த நேரமில்லை. கேபினுக்குள் போய்க் கதவைச் சாத்தினேன். சாத்தினதும் வெளியே எல்லாச் சத்தமும் நின்றது. பயமாகக்கூட இருந்தது.

"யாருக்கு என்ன ஆச்சு? அம்மாவுக்கா?" எடுத்ததுமே கேட்டார்.

"யாருக்கும் ஒண்ணும் ஆவல. நான்தான். அன்னிக்கி நான் சொன்னது கேட்டுச்சா?"

ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"கேட்டுச்சு."

"பின்ன ஏன் பேசாம இருந்தீங்க?"

"என்னன்னு பேசறது? நாலு வருஷமா நல்லா இருக்கோம் நல்லா இருக்கோம்னே சொன்ன. நான் இல்லாமலே நல்லா இருக்காங்க, நாம போய் என்ன செய்யப்போறோம்னு இருந்தேன். திடீர்னு வந்துடுங்கன்னா... மறுபடியும் அங்க எவன் எனக்கு வேலை கொடுப்பான்?"

மஞ்சள்காமாலையைச் சொன்னேன். மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றதைச் சொன்னேன். அழவில்லை. கோபமாகத்தான் சொன்னேன். நடுவில் ஆபரேட்டர் அம்மா வந்து, "நேரம் முடியுது, நீட்டிக்கணுமா?" என்றார். "நீட்டிங்க" என்றேன்.

"இங்க பின்னாடி ஆளுங்க நிக்கிறாங்க" என்றார் என் வீட்டுக்காரர். பிறகு அவராகவே, "நிக்கட்டும்" என்றார். "நானும் ராஜா மாதிரில்லாம் இல்ல, பதுரு. கட்டடச் சாரத்துலேர்ந்து விழுந்து கை ஒடஞ்சி ரெண்டு மாசம் சும்மா கெடந்தேன். உன்கிட்ட எங்க சொல்றது? மில்லே கேக்குமே."

"கையெழுத்து?"

"இன்னும் போடல. மாசக்கடைசி வரைக்கும் டைம் கேட்டிருக்கேன். யோசிக்கிறேன்."

லைன் முடிந்தது. வெளியே வந்து காலுக்குப் பணம் கட்டினேன். பெரிய மார்க்கெட்டுக்குப் போய், வஞ்சிரம் விற்கிறவளிடம் தேவையில்லாமல் சண்டை போட்டு, ஒன்றும் வாங்காமல் வீட்டுக்கு வந்தேன்.

யோசிக்கிறாராம்!

மார்ச் 30, வெள்ளி

போன் இல்லை.

ஏப்ரல் 6, வெள்ளி

போன் இல்லை. மாமி மட்டும் மில்லில் போய் உட்கார்ந்துவிட்டு வந்தார். வந்து என்னிடம் கேட்டார்: "அவனுக்குக் கை ஒடஞ்சிருந்துச்சாமே? என்கிட்ட ஏன் சொல்லல?" நான் கரீமாவிடம் சொல்லிக்கொண்டிருந்ததை அவர் கேட்டிருக்கிறார். நான் சொன்னேன், "நம்மளும் ஒண்ணும் சொல்லலியே மாமி." அவர் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

ஏப்ரல் 8

ரோட்டில் ஆட்கள் பள்ளம் தோண்டுகிறார்கள். கேபிளா என்று ஓடிப்போய்க் கேட்டேன். தண்ணீர்க் குழாயாம்.

ஜூலை 3

டெலிபோன் இன்னும் வரவில்லை.

எழுதி எவ்வளவு நாளாகிவிட்டது. எழுத நேரமில்லை. கையெழுத்துப் போடாமல் வந்துவிட்ட மனிதர் காலையில் பம்பு செட்டு மோட்டார் ஒர்க்‌ஷாப்புக்குப் போனால் மத்தியானம் சாப்பிட வந்துவிடுகிறார். குழம்பில் புளி கூடிவிட்டது என்கிறார். கேபின் கதவைப் பற்றி நான் சொன்னதிலிருந்து, அது மாதிரி இந்தக் கதவு ஏன் சாத்த வரவில்லை என்று கொல்லைக் கதவைக் கழற்றிப் போட்டுவிட்டு அப்படியே விட்டிருக்கிறார். கரீமா முதல் வாரம் அவரைக் கண்டாலே ஒளிந்தாள். இப்போது இரண்டு பேரும் சேர்ந்து என்னைக் கேலி செய்கிறார்கள்.

எல்லாவற்றையும் பொறுத்துக்கொள்ளலாம், அந்தக் குரலைத்தான் முடியவில்லை. உப்பு கேட்டாலும் கடல் தாண்டிக் கேட்க வேண்டும் போலக் கத்துகிறார். நேற்று விளக்கை அணைத்த பிறகும் அப்படியே. "மெதுவாப் பேசுங்க, இங்கதான இருக்கேன்" என்றேன்.

அப்புறம் மெதுவாகத்தான் பேசினார். என்ன பேசினார் என்பதை இங்கே எழுதப் போவதில்லை.